முப்பது கேள்வி

"மூலம் உண்டா?" என்று கேட்டார் ஏஜென்ட் ராசாங்கம்.

பழனிவேல் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கலியம்மாள் பதில் சொல்லிவிட்டாள்.

"போன வருசம் இருந்துச்சுங்க. ஒரு மாசம் கருணைக்கெழங்காவே தின்னு தீத்தான். இப்ப இல்ல, எழுதிக்கங்க."

தெரு சிரித்தது.

தெரு என்றால் பதினோரு பேர். குரும்பலூரில் ஒருவன் வெளிநாடு கிளம்புகிறான் என்றால் பெட்டி கட்டுவது முதல் பாலிசி போடுவது வரை கூட இருந்து பார்க்க ஆள் வேண்டாமா? அதிலும் கலியம்மாளுக்கு உரிமை ஒருபடி கூடுதல். பழனிவேலுக்கு மஸ்கட் விசா வாங்கி அனுப்பியதே அவள் மகன் நல்லதம்பிதான். அங்கே இரண்டு பேருக்கும் ஒரே தையல் கடை, ஒரே அறை.

வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் போய் ரயில். பம்பாயில் விமானம்.

ராசாங்கம் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து இரண்டு பாலிசிகளைக் கடை விரித்திருந்தார்.

சின்னது விபத்துக்கு மட்டும். கேள்வி கிடையாது. கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

பெரியது அப்படியில்லை. போன இடத்தில் நோயில் படுத்தாலும் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, விமானத்தில் ஏற்றி, வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் முப்பது கேள்வி. அதில் ஒன்றுக்குப் பொய் சொன்னதாகப் பிறகு தெரிந்தாலும் காலணா பெயராது.

பெரியதையே போடச் சொல்லிவிட்டது தெரு. பணம் கட்டப் போவது தெரு இல்லையே.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற செங்கமலத்துக்கும் பெரியதுதான் வேண்டும். உன் புருஷனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஒரு கம்பெனி அச்சடித்தே கொடுக்கிறது. கட்டியவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் கேள்வி ஒவ்வொன்றாக ஏற ஏற அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்படிக்குப் போனாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இன்னொரு மூலையில் வைத்தாள். மறுபடி நிலைக்கு வந்தாள். குடத்தை முதலில் இருந்த இடத்திலேயே வைத்திருக்கலாமோ என்று தோன்ற, மறுபடி உள்ளே போனாள்.

சர்க்கரை. இல்லை.

காசம். இல்லை.

"கண்ணு?"

"ஊசியில நூல் கோக்குறதுக்கு இந்தப் புள்ளையத்தான் கூப்புடுவான். அது சோம்பேறித்தனம். கண்ணு நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் கலியம்மாள்.

"வலிப்பு?"

ராசாங்கம் பேனா முனையை 'இல்லை' கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டேதான் அதைக் கேட்டார்.

நாலு வருஷத்தில் ஆறு தடவை. ஆறும் தூக்கத்தில்.

செங்கமலம் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள், ஜன்னலைச் சாத்துவாள், ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். நிலையம் மூடிய நேரமாக இருந்தால் வெறும் இரைச்சலையே சத்தமாக வைப்பாள். பெற்ற தாயிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை. இந்தத் தெருவின் காதில் விழுந்தால் விடிவதற்குள் வாலிகண்டபுரம் தாண்டிவிடும்.

இந்த முறை கலியம்மாள் முந்திக்கொள்ளவில்லை.

பழனிவேல் நிலைப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏஜென்ட்டைப் பார்த்து, "இல்லீங்க" என்றான்.

பேனா இறங்குவதற்குள் செங்கமலம் வாசலில் நின்றாள்.

"சார், அந்தச் சின்னதே போதுங்க."

எப்படி வெளியே வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எது வேண்டும் என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்டாளோ, அதைத்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொய்யின்மேல் எழுதின பெரியது, ஆபத்துக்கு உதவாது. மெய்யைச் சொன்னால் பெரியதே கிடையாது.

ராசாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாதிக்கு மேல எழுதியாச்சேம்மா. ஏன் வேண்டாங்கறீங்க?"

இதற்கு அவள் ஒரு பதிலை யோசிக்க வேண்டியிருந்தது. ஏஜென்ட்டைச் சமாளித்துவிடலாம். தெருவை எப்படிச் சமாளிப்பது? கோழி ஏன் கூவவில்லை என்று கேட்கிற தெரு. முதல் 'ஏன்' கலியம்மாளிடமிருந்துதான் வரும் என்று அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏன் எதுக்குன்னு கேக்க நீங்க யாருங்க?" என்றாள் கலியம்மாள், ஏஜென்ட்டிடம். "அவ வூட்டுக்காரன். அவ சொல்றா. சின்னதையே எழுதுங்க."

ஒருத்தி அவிழாத முந்தானையை அவிழ்த்து முடிந்தாள். ஒருத்தர் வானத்தைப் பார்த்தார், மழைக்காலம் இல்லை. மிச்சப் பேருக்குத் திடீரென்று தரையில் பார்ப்பதற்கு என்னவோ இருந்தது.

பழனிவேல் சின்ன பாரத்தில் கையெழுத்துப் போட்டான். ராசாங்கம் அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கூட்டம் கலைந்தது.

கடைசியாக எழுந்த கலியம்மாள், சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிற சாக்கில் செங்கமலத்தின் காதருகே குனிந்தாள்.

"தலமாட்டுல எப்பவும் ஒரு இரும்புச் சாவிய வச்சுக்கடான்னு நல்லதம்பிக்குப் போன மாசமே கடுதாசி போட்டுட்டேன். நீ பயப்படாத புள்ள. தெருவுல வேற யாருக்கும் தெரியாது."