உடைப்பு வழி

"இன்னைக்கு அடைச்சிருவீகளாண்ணே?"

கேட்கும்போதே பானுப்பிரியாவின் குரல் நடுங்கியது. நேற்றும் இதே கேள்விதான், முந்தாநாளும் இதே கேள்விதான். செல்லச்சாமிக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை.

"பாப்போம் தாயி. டீசல் வரணும்" என்றார் வாய்க்கு வந்ததை. பொக்லைன் வயிறு நிறைய டீசல் இருப்பது அவருக்குத் தெரியும்.

கார்த்திகைப் புயல் அந்தச் சின்னத் துறைமுகத்துத் தூண்டில் வளைவை நடுவில் பிய்த்துப் போட்டிருந்தது. கடலுக்குள் வளைந்து நீளும் அந்தக் கற்சுவரில் இப்போது ஒரு லாரி அகலத்துக்குத்தான் உடைப்பு மீதி. அதையும் அடைத்துவிட்டால் சூப்பர்வைசர் செல்லச்சாமி மூட்டையைக் கட்டிக்கொண்டு திருப்புல்லாணிப் பக்கம் தன் ஊரைப் பார்க்கப் போய்விடலாம். அவர்தான் ஏதேதோ சாக்குச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்.

பானுப்பிரியா கல்மேல் ஏறி உடைப்பின் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அவள் இடுப்பிலிருந்து போன வலைக்கயிறு நாலு வயது மகளின் இடுப்பில் முடிந்தது. வீட்டில் விட்டுவந்தால் பிள்ளை தானாக இங்கே ஓடிவந்துவிடுகிறதாம். பாசி பிடித்த கல், பிள்ளை வழுக்கிவிடக் கூடாதென்று கட்டியிருக்கிறாள் பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

மடியில் கொண்டுவந்த கல்லை எடுத்து அவள் உடைப்புக்குள் போட்டாள். தினமும் அப்படித்தான், கையளவு ஒரு கல்.

"செத்தவுகளுக்குப் பூப்போடுவாக, பாத்திருக்கேன். இது என்னப்பா கல்லு?" என்று கேட்டார் செல்லச்சாமி.

"என்ன நேத்திக்கடனோ சார்" என்றான் பொக்லைன் ஓட்டும் ஹமீது சுல்தான். "புயலன்னைக்கிப் படகப் பாக்கப்போன புருசன இந்த உடைப்பு வழியாத்தான் கடல் இழுத்துட்டுப் போச்சு, ஒங்களுக்குத்தான் தெரியுமே. மய்யித்து இன்னும் கரைக்கு வரல."

செல்லச்சாமி கடலைப் பார்த்தபடி நின்றார். சவூதியில் இறந்த தம்பியின் பெட்டி வந்து சேரும்வரை அவருடைய அம்மா வாசற்கதவைச் சாத்தவிடவில்லை. மழை அடித்துக் கூடமெல்லாம் நனைந்தபோதும் விடவில்லை. 'எம்புள்ள வந்து மூடிக்கெடக்குற கதவையா பாக்கணும்?' என்று நிலைப்படியிலேயே தலைவைத்துப் படுத்துக்கிடந்தாள்.

"என்ன சூப்பர்வைசரே, கல்லு குட்டி போடட்டும்னு காத்திருக்கீகளா?"

நாட்டுப்படகுச் சங்கத் தலைவர் முனீஸ்வரன், வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"செயின் அந்துபோச்சு தலைவரே."

"நேத்து டீசலு. இன்னைக்குச் செயினு. நாளைக்கு என்ன, கடலுக்கு லீவா? அந்த ஓட்ட வழியா அலை வந்து ஏம் படகு ரெண்டும் முட்டிமுட்டிப் பலக பேந்து கெடக்கு. நாளைக்குப் பொழுதுக்குள்ள அடைக்கல, ஒங்க ஆபீசு வாசல்ல வந்து அடுப்புப் பத்த வச்சிருவோம், ஆமா!"

அவர் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாரோ. அதற்குள் உடைப்புப் பக்கமிருந்து பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தண்ணீரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"இருப்பா! இந்தா வாரேன்!"

முனீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டு, வந்த வழியே திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

செல்லச்சாமி பிள்ளையைப் பார்த்தார். இந்தப் பச்சை மண்ணுக்கு என்ன தெரியும்? அப்பன் படகில் வருகிறான் என்று நினைக்கிறது.

வெயில் தாழ்கிற நேரத்தில் கடைசி லோடு கல் வந்து நின்றது. அவர் கையைக் காட்டி மறித்தார்.

"திருப்பிக்க. கல்லு அளவு சரியில்ல."

"சார், இது நீங்களே போயிப் பாத்து எடுத்த கல்லு!" என்றான் லாரி டிரைவர்.

"திருப்புடாங்கிறேன்ல!"

லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஹமீது சுல்தானையும் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலை போனாலும் போகட்டும் என்ற முடிவோடு கற்களின்மேல் தடுமாறித் தடுமாறி உடைப்புவரை போனார். இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே அலை புகுந்து, யாரோ மூச்சு வாங்குவதுபோல உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

"பானு, இங்க பாரு தாயி. ஒம் மனசு எனக்குத் தெரியும். லாரியத் திருப்பி அனுப்பிட்டேன். இன்னும் ஒரு வாரத்துக்கு யாரும் இதுல கை வைக்கமாட்டாக. ஒம் புருசனுக்கு வழி தெறந்தே கெடக்கும்."

காலில் விழுந்துவிடுவாளோ என்று அவர் கொஞ்சம் பின்வாங்கினார்.

பானுப்பிரியா விழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல், பதறிப்போய்க் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிள்ளையை இழுத்தாள். பிள்ளை அசையாமல்தான் நின்றாள். ஆனாலும் யாரோ இழுப்பதுபோலக் கயிறு உடைப்புப் பக்கமாக விறைத்து நின்றது.

"அய்யோ அண்ணே... அவுக தெனமும் இது வழியா வந்து இவளையில்ல கூப்பிடுறாக!"