முப்பத்தொன்று

நடுப்பகல். வெப்பமானிகளைச் சோதித்துச் சான்று தருபவர் மேசைமேல் குனிந்திருக்கிறார். அடுப்பு திகுதிகுவென்று எரிந்தும் பாத்திரத்து நீர் கொதிக்கவில்லை. பக்கத்துக் கிண்ணத்துப் பனிக்கட்டி எப்போதோ கரைந்து வெதுவெதுக்கிறது. காலையிலிருந்து அதன் சூடு இறங்க, இதன் சூடு ஏற, இப்போது இரண்டிலும் முப்பத்தொன்று டிகிரி. நட்சத்திரங்கள்கூட இப்படித்தான் ஆறிவருவதாகக் காலைச் செய்தியில் சொன்னார்கள், யார் நம்பினார்கள்? ஜன்னல் வெயில் முழங்கையில் விழுகிறது, சுடவில்லை. அக்குளில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறார். அதே முப்பத்தொன்று. சாப்பாடு கொண்டுவந்த மனைவி பக்கத்தில் நிற்கிறாள். “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?” பாதரசத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ஒண்ணுமில்ல, என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கயேன்,” என்கிறார். அவள் சிரிக்கிறாள். “நல்லா இருக்கு! வந்ததுலேருந்து பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கறேன்?”