எழ மனம் வராத நாற்காலி

அந்த வாரியக் குடியிருப்பில் வாடகையை ஏற்ற ஆண்டுக்கொரு முறை ஓர் அதிகாரி வருவார். எதையும் அளக்க மாட்டார். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். எழ மனம் வராமல் எவ்வளவு நேரம் இருக்கிறாரோ, வாடகை அவ்வளவு ஏறும். அவரைக் கிளப்புவதற்காகவே அன்று எல்லா வீட்டிலும் மிளகாய் வறுப்பார்கள். கோமளாவின் வீட்டில் அவர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். ஒரு பைசா ஏறவில்லை. எதிர்வீட்டு பிலோமினாவும் மிளகாய் வறுத்தாள். அந்த நெடியிலும் அவர் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். அவளுக்கு வாடகை இரண்டு மடங்கானது.

“நாம தப்பிச்சோம்” என்று சிரித்தான் கணவன் தனசேகர்.

கோமளாவுக்கு வயிறு எரிந்தது. “அப்படி என்னங்க இருக்கு அவ வீட்ல? அதே செவுரு, அதே ஒழுகல்தானே?”

“எனக்கென்னடி தெரியும்?” என்றவன், பிலோமினா வீட்டில் மின்விசிறி ஓடவில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். சோறு ஆறியும் திரும்பவில்லை. கோமளா போய்க் கதவைத் தள்ளினாள். விசிறி அப்படியே நின்றிருந்தது. அதன் கீழே, அதே நாற்காலியில், கையில் பிடித்த திருப்புளியோடு, தன் வீட்டில் ஒருநாளும் தூங்காத தூக்கத்தில் கிடந்தான் தனசேகர்.

பிலோமினா உதட்டில் விரல் வைத்தாள். “சத்தம் போடாதீங்கக்கா. இப்பத்தான் கண்ணசந்தாரு.”