கரட்டின் பச்சை

பங்குனி வெயிலில் கீழே கரிசல் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கரட்டுச் சரிவில் வனத்துறைப் பெண் யோகலட்சுமி, துப்பட்டாவால் கைப்பேசிக்கு நிழல் கட்டிச் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறாள். காடு காய்ந்திருந்தால் இங்கே மேய்ச்சலை நிறுத்தச் சொல்லி அவள் எழுத வேண்டும். இந்தச் சரிவை விட்டால் கிட்டுவின் ஆடுகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர் கம்பை ஊன்றியபடி அவள் முகத்தையே பார்த்து நிற்கிறார். படத்தில் சுற்றிலும் பழுப்பு. இந்தச் சரிவு மட்டும் போன வருஷத்தைவிடப் பச்சை. அவள் நிமிர்கிறாள். சரிவு முழுக்க இடுப்பளவு ஆத்திக் கன்றுகள் அசைகின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி உடைமுள் அடைப்பு. “முள்ளு யாரு வச்சது, அண்ணாச்சி?” “நாந்தாம்மா. ஆட்டு வாய் சும்மா இருக்காதுல்லா.” “மேய்ச்சலை நிறுத்த வேண்டாம்னே எழுதுதேன். மேல இருந்து பாத்தாலே பச்சை தெரியுது.” கிட்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். “அங்கன இருந்து பாத்தா ஆடும் தெரியுமா?” “தெரியாது.” “நல்லதாப் போச்சு. நேத்து இந்த வெள்ளச்சி ரெண்டு கொழுந்தைக் கடிச்சிட்டா.” அவள் சிரித்துவிடுகிறாள். வெள்ளச்சி காதை ஆட்டுகிறது. அவர் குனிந்து, விலகிக் கிடக்கும் முள்ளை, விளக்குச் சுடரைக் காற்றுக்கு மறைப்பவரைப் போல, இரு கையாலும் கன்றின் அருகே சேர்த்து வைக்கிறார்.