பின்னால் வருகிறவர்

“அவர் அடுத்த பஸ்ல வர்றார்.”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

சொல்லாவிட்டால் கூடாரம் கிடைக்காது. முதுமலைக் காட்டை ஒட்டிய அந்த முகாமில், தனி ஆளுக்கு டென்ட் கிடையாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். படித்த பிறகும் திரும்பிப் போக மனம் வரவில்லை. திருப்பூரிலிருந்து இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி பஸ் மாறி வந்தவள்.

முகாமின் காவல்காரர் மாதன் அவளை நம்பினார்.

“ஐயா பேரு என்னங்கம்மா? செக்போஸ்ட்ல சொல்லி வெச்சிடறேன்.”

“தணிகாசலம்.”

கணவர் இருந்தவரை அவர் பெயரை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘இங்க பாருங்க’ என்றால் திரும்புவார், அவ்வளவுதான். போன பங்குனிக்குப் பிறகு பேங்க், தாலுகா ஆபீஸ், மின்வாரியம் என்று படியேறி இறங்கி, சொல்லிச் சொல்லியே நாக்கு பழகிவிட்டது. போன இடத்திலெல்லாம் முன்னால் ஒரு ‘காலஞ்சென்ற’ ஒட்டிக்கொண்டு வந்தது.

இங்கே வரவில்லை.

வெறும் தணிகாசலம்.

பொய்தான். ஆனாலும் இனித்தது.

காட்டுப் பக்கம் ஒரு ராத்திரி கூடாரத்தில் படுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரிட்டயர் ஆகட்டும், ரிட்டயர் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டார். மாரடைப்பு முந்திக்கொண்டது. அதுவும் அவள் மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

மாதன் கூடாரம் அடித்தார். இரண்டு பாய் விரித்தார். இரண்டு தலையணை, இரண்டு கம்பளி. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தடுக்கவில்லை.

எதிரே மலை நீலமாகி, கறுத்து, இல்லாமல் போனது. மேய்ந்துகொண்டிருந்த மான்கள் உள்ளே ஒதுங்கின.

அவர் இருந்திருந்தால் இந்நேரம் கொசுவைப் பற்றிப் புலம்பித் தீர்த்திருப்பார். கேட்கச் சகிக்காது. இப்போது அதைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

கடைசி பஸ் வந்தது. நிற்காமல் போனது.

மாதன் சாலையைப் பார்த்தார். உள்ளே போய் டார்ச்சும் ஒரு கம்பும் எடுத்து வந்தார்.

“புதுசா வர்றவங்க முந்தின ஸ்டாப்புலயே எறங்கிருவாங்கம்மா. எப்பவும் நடக்கறதுதான். ஐயா அங்க முழிச்சிட்டு நிப்பாரு. நான் போய்க் கூட்டியாந்தர்றேன்.”

“ரோட்டுல யானை நிக்கும்னு சொன்னீங்களே?”

“நிக்கும்ங்க. அதுக்காக அவரைத் தனியா விட்டுர முடியுங்களா?”

கதவைத் திறந்துகொண்டு நடந்தார்.

உயிரோடு இருக்கும் ஒரு மனிதர், இல்லாத ஒருவரைத் தேடி யானைச் சாலையில் இறங்குகிறார். உண்மையைச் சொன்னால் இந்த இடம் போய்விடும். கூடவே, தணிகாசலத்துக்காகக் காத்திருக்க உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளும் போய்விடும்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

“போகாதீங்க. அவர் வரமாட்டார்.”

துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சொன்னார்கள். மகன் சொன்னான். மருமகள் சொன்னாள். அவள் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

மாதன் நின்று திரும்பினார்.

“சண்டைங்களாம்மா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

யோசித்துப் பார்த்தால் சண்டைதான். அழுதிருக்கிறாள். படையல் வைத்திருக்கிறாள். படத்துக்கு மாலை வாங்கி மாட்டியிருக்கிறாள். கோபித்துக்கொள்ள மட்டும் யாரும் அவளை விடவில்லை. பாவம், புண்ணியவான், அவரை ஒன்றும் சொல்லாதே என்றுவிட்டார்கள்.

“ஆமா,” என்றாள். “ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரு.”

மாதன் அவள் முகத்தில் வெளிச்சம் படாமல் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டார்.

“திட்டுங்கம்மா. இங்க கேக்க யாருமில்ல.”

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் இருண்டு கிடந்த சாலையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள்.