பின்சீட்

லைசென்ஸ் டெஸ்டில் என் பெயரைக் கூப்பிட்டதும் பதற்றத்தில் ஓடிப்போய், பதினேழு வருடப் பழக்கத்தில், ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து முந்தானையையும் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

"ஓட்டப்போறது யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். இன்றும் ஃபெயிலானால், "உனக்கெதுக்கு வசு இதெல்லாம், நான்தான் இருக்கேன்ல" என்று என் வீட்டுக்காரர் அன்பாகவே சாவியை வாங்கி வைத்துவிடுவார்.

இறங்கி முன்னால் உட்கார்ந்தேன். கிளப்பும் முன், அவர் தினமும் கேட்பதை என் வாய் தானாகக் கேட்டது: "உக்காந்துட்டியா?"

"ம், போலாம்," என்று பின்னாலிருந்து என் குரலே சொன்னது.

திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு கை இறுகப் பிடித்துக்கொள்ள, டெஸ்டுக்காகத் தரையில் வரைந்திருந்த எட்டின் முதல் வளைவில் வண்டியைத் திருப்பினேன்.