சத்தமே வராத ஃபேன்

டிவியில் படம் பார்ப்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை எட்டு மாதமாகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார் தணிகாசலம். எல்லாம் வந்துவிட்டது; பெட்டிக்குள் சத்தம் போடாமல் சுற்றும் ஃபேன் ஒன்றுதான் இந்த உலகத்தில் இல்லை. கடைக்காரர் ஓட்டிக் காட்டுவதையெல்லாம் காதருகே வைத்துப் பார்த்து, "இது ஃபேனா, மாவு மில்லா? இதையும் ஒருத்தன் வாங்குறான்னா அவனுக்கெல்லாம் காது ஒரு கேடா?" என்று தள்ளிவிடுவார். ஒரு நாள் காதருகே வைத்தது மட்டும் மூச்சே விடவில்லை. "இதை ஏன்யா இத்தனை நாளா ஒளிச்சு வச்சே?" கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், முதல் நாளே நீங்க மாவு மில்லுன்னு திட்டினது இதுதான்." "போய்யா, எங்கிட்டயே கதை விடுறே." வீட்டில் மாட்டி ஓடவிட்டார். மிக்ஸியை யார் போட்டது என்று பார்க்க அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள் மனைவி வேதவல்லி. "ஏதாவது கேக்குதா, சொல்லு பார்ப்போம்?" பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை போல நின்றார். கொஞ்ச நாளாகவே, சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் அவர் திரும்புகிறார். வேதவல்லி அவர் காதருகே குனிந்து, ஃபேனையும் மீறிக் கத்தினாள்: "ஒண்ணுமே கேக்கலீங்க!"